சந்தேகப்படுபவர் குருடரா? ஆவிக்குரிய பார்வையைப் பற்றி ஓர் எளிய விளக்கம்

வேதபாட வகுப்பில் ஒருவர் தயங்கித் தயங்கிக் கேட்கிறார்: "இவ்வளவு ஜெபித்தும் அம்மா பிழைக்கவில்லையே. தேவன் ஜெபத்தைக் கேட்கிறார் என்று இனி நான் எப்படி நம்புவது?" சட்டென்று பதில் வருகிறது: "பிரதர், உங்களுக்கு ஆவிக்குரிய கண் இன்னும் திறக்கவில்லை." கேட்டவர் அப்படியே உட்கார்ந்துவிடுகிறார். அடுத்த வாரம் அவர் வருவதில்லை.

சபையில் கொஞ்ச காலம் பழகிய யாருக்கும் இந்த உரையாடல் புதிதாக இருக்காது. குருட்டாட்டம், சந்தேகம், அவிசுவாசம் எல்லாவற்றையும் ஒரே மூட்டையாகக் கட்டிவைத்து, கேள்வி கேட்பவர் தலையில் இறக்குவது நமக்குப் பழகிப்போய்விட்டது. வேதாகமத்தில் இவை தனித்தனி விஷயங்கள். சொல்லப்போனால் குருட்டாட்டமும் சந்தேகமும் கிட்டத்தட்ட எதிரெதிரானவை. குருட்டாட்டத்தில் இருப்பவருக்குத் தனக்குப் பார்வை இல்லை என்பதே தெரியாது. சந்தேகத்தில் இருப்பவருக்கோ தனக்குச் சரியாகத் தெரியவில்லை என்பது நன்றாகவே தெரியும். அதுதான் அவரைத் தூங்கவிடாமல் செய்கிறது. இரண்டுக்கும் ஒரே மருந்தைக் கொடுத்தால் முதலாமவர் சுகமாகத் தூங்குவார், இரண்டாமவர் காயப்படுவார்.

## எல்லார் கண்ணிலும் இருக்கும் ஓட்டை

ஒரு வெள்ளைத்தாளில் இடப்பக்கம் சின்னதாக ஒரு கூட்டல் குறி போடுங்கள். அதற்கு வலப்பக்கம் 8 செ.மீ. தள்ளி ஒரு கறுப்புப் புள்ளி வையுங்கள். இடது கண்ணை மூடிக்கொண்டு, வலது கண்ணால் கூட்டல் குறியை மட்டும் பாருங்கள். தாளைக் கை நீட்டும் தூரத்தில் பிடித்து மெல்ல முகத்தை நோக்கிக் கொண்டுவாருங்கள். ஏறக்குறைய 30 செ.மீ. தூரத்துக்கு வந்ததும் புள்ளி காணாமல் போகும். இன்னும் கிட்டே கொண்டுவந்தால் மறுபடி தோன்றும்.

விழித்திரையிலிருந்து பார்வை நரம்பு வெளியே போகும் இடத்தில் ஒளியை உணரும் செல்கள் கிடையாது. 17ஆம் நூற்றாண்டில் எட்ம் மரியோட் என்ற பிரெஞ்சு விஞ்ஞானி இதைக் கண்டுபிடித்தார். கண் மருத்துவத்தில் இதைக் குருட்டுப்புள்ளி என்கிறார்கள். சரி, புள்ளி மறைந்தபோது அந்த இடத்தில் உங்களுக்கு என்ன தெரிந்தது? ஓட்டையா, இருட்டா? ஒன்றுமில்லை, வெறும் வெள்ளைத்தாள்தான். சுற்றிலும் இருப்பதை வைத்து மூளை அந்த இடத்துக்கு ஒட்டுப்போட்டுவிடுகிறது. அதனால்தான் பிறந்தது முதல் கண்ணில் ஓட்டையோடு நடமாடியும் அப்படி ஒரு குறை இருப்பதாக நமக்குத் தோன்றுவதில்லை.

இன்னொன்றையும் கவனியுங்கள். இரண்டு கண்ணையும் திறந்து வைத்தால் புள்ளி மறையவே மறையாது. ஒரு கண்ணில் ஓட்டை இருக்கும் திசையை மறு கண் பார்த்துவிடுகிறது. இது பின்னால் நமக்குத் தேவைப்படும்.

## வேதாகமம் எதைக் குருட்டாட்டம் என்கிறது?

ஆவிக்குரிய குருட்டாட்டம் என்றால், தேவனைப் பற்றியும் தன்னைப் பற்றியும் கண்முன்னே இருக்கிற உண்மை மனதுக்குப் படாமல் போவது. அப்படிப் போனதைக் குறையாகக்கூட உணராதிருப்பது. வேத அறிவு இல்லாதவர்களுக்குத்தான் இது வரும் என்று நினைக்க வேண்டாம். சுவிசேஷங்களில் இந்தப் பெயரை வாங்கிக் கட்டிக்கொள்பவர்கள் மோசேயின் நியாயப்பிரமாணத்தைக் கரைத்துக் குடித்த யூத மதப் பிரிவினரான பரிசேயர்கள்.

இதை மிக விரிவாகக் காட்டுவது யோவான் 9ஆம் அதிகாரம். பிறவியிலேயே பார்வையில்லாத ஒருவரை இயேசு பார்க்கிறார். சீஷர்கள் கேட்கும் முதல் கேள்வியே, "இது யார் செய்த பாவம், இவனா, இவன் பெற்றோரா?" என்பதுதான். இருவரும் இல்லை என்று இயேசு சொல்லிவிடுகிறார். (உடலில் பார்வையில்லாதவர்களைப் பாவத்தோடும் சாபத்தோடும் முடிச்சுப்போடும் பழக்கத்தை இயேசு அங்கேயே தள்ளிவிட்டார். இன்னும் சிலர் அதைப் பிடித்துக்கொண்டிருப்பதுதான் வேதனை.) தரையில் துப்பி, சேறுண்டாக்கி, அதைக் கண்களில் பூசி, சீலோவாம் குளத்தில் போய்க் கழுவச் சொல்கிறார். அவர் போய்க் கழுவி, பார்வையோடு திரும்புகிறார். அன்று யூதர்கள் வேலை செய்யக் கூடாத ஓய்வுநாள். உடனே பரிசேயர்களின் விசாரணை தொடங்குகிறது.

இனி இரண்டு தரப்பும் போகும் திசையைப் பாருங்கள். குணமானவர் முதலில் "இயேசு என்னப்பட்ட ஒருவர்" என்கிறார். அடுத்து "அவர் தீர்க்கதரிசி" என்கிறார். பிறகு, தேவனிடத்திலிருந்து வராதவர் இப்படிச் செய்ய முடியுமா என்று விசாரிப்பவர்களிடமே வாதாடுகிறார். கடைசியில் இயேசுவைப் பணிந்துகொள்கிறார். படிப்படியாக வெளிச்சம் ஏறுகிறது. பரிசேயர் பக்கம் இது தலைகீழாக நடக்கிறது. தொடக்கத்தில் அவர்களுக்குள் கருத்து வேறுபாடு இருந்தது. பாவியான ஒருவன் இப்படி அற்புதம் செய்ய முடியுமா என்று சிலர் நியாயமாகவே யோசித்தார்கள். அப்புறம் இவன் பிறவியிலேயே குருடனா என்பதையே சந்தேகித்துப் பெற்றோரைக் கூப்பிடுகிறார்கள். பிறகு அந்த மனுஷன் பாவி என்று தீர்த்துவிடுகிறார்கள். முடிவில் குணமானவரை வெளியே தள்ளிவிடுகிறார்கள். ஆதாரம் கூடக்கூட அவர்கள் கண் மூடிக்கொண்டே போகிறது.

யார் என்ன சொல்கிறார்கள் என்பதும் கவனிக்க வேண்டியது. பார்வை பெற்றவர் "எனக்குத் தெரியாது" என்று கூச்சமில்லாமல் சொல்கிறார். அவர் எங்கே? தெரியாது. அவர் பாவியா? தெரியாது. "நான் குருடனாயிருந்தேன், இப்பொழுது காண்கிறேன், இது ஒன்றுதான் எனக்குத் தெரியும்." விசாரிப்பவர்கள் வாயில் திரும்பத் திரும்ப வருவது "நாங்கள் அறிந்திருக்கிறோம்" என்பது. இயேசு கடைசியில் கொடுக்கும் தீர்ப்பு இதன்மேல்தான்: "நீங்கள் குருடராயிருந்தால் உங்களுக்குப் பாவமிராது, நீங்கள் காண்கிறோம் என்று சொல்லுகிறபடியினால் உங்கள் பாவம் நிலைநிற்கிறது."

## கண்ணை மறைப்பது எது?

வேதாகமம் இதற்கு ஒரே காரணத்தைச் சொல்வதில்லை. எண்ணாகமம் 22இல், இஸ்ரவேலரைச் சபிக்கக் கூலிக்கு அழைக்கப்பட்ட பிலேயாம் வருகிறார். இவர் தரிசனம் காண்பதையே தொழிலாகக் கொண்டவர். பின்னால் தன்னைத்தானே கண் திறக்கப்பட்டவன் என்று சொல்லிக்கொள்கிறவர். வழியில் பட்டயத்தோடு நிற்கும் தேவதூதன் மூன்று முறையும் அவர் கண்ணுக்குப் படவில்லை, அவர் ஏறி வந்த கழுதைக்குப் படுகிறது. கதையை எழுதியவருக்கு நல்ல நகைச்சுவை உணர்வு இருந்திருக்க வேண்டும். பிலேயாமின் கண்ணை மறைத்தது கூலி ஆசை என்று பேதுருவின் இரண்டாம் நிருபம் சொல்கிறது. பெரிய வெகுமதி கையருகே இருக்கும்போது, அதற்குக் குறுக்கே நிற்பது எதுவும் கண்ணில் படுவதில்லை.

யோவானின் முதல் நிருபம் வேறொரு காரணத்தைச் சொல்கிறது: சகோதரனைப் பகைக்கிறவனுடைய கண்களை இருள் குருடாக்குகிறது. இதைப் பலர் வேகமாகக் கடந்துபோய்விடுகிறோம். வெறுப்பு ஒரு தனிப்பட்ட பாவமாக மட்டும் நிற்பதில்லை, பார்க்கும் சக்தியையே கெடுக்கிறது என்கிறார் யோவான். ஒருவரை மனதார வெறுக்கத் தொடங்கியபின் அவர் செய்யும் நல்லது நம் கண்ணில் படுவதே இல்லை என்பது யாருக்குத்தான் தெரியாது?

லவோதிக்கேயா சபையின் கதை இன்னொரு வகை. அந்தப் பட்டணம் கி.பி. 60 வாக்கில் நிலநடுக்கத்தில் இடிந்தபோது ரோம அரசிடம் உதவி வாங்காமல் சொந்தச் செல்வத்திலேயே எழுந்து நின்றது என்று ரோம வரலாற்றாசிரியர் டாசிட்டஸ் எழுதிவைத்திருக்கிறார். அந்த ஊரின் சபையும் 'நான் ஐசுவரியவான், எனக்கு ஒரு குறைவுமில்லை' என்று சொல்லிக்கொண்டிருந்தது. நீ குருடனாயிருப்பதை அறியாமல் இருக்கிறாய், கண்களுக்குக் கலிக்கம் வாங்கிப் போட்டுக்கொள் என்கிறது வெளிப்படுத்தின விசேஷம். கலிக்கம் என்பது கண்ணுக்குப் போடும் மருந்து. இந்த வார்த்தை போனது சபைக்கு வெளியே இருந்தவர்களுக்கு அல்ல என்பதை நினைவில் வைக்க வேண்டும்.

இவற்றுக்கெல்லாம் பின்னால் மனிதனை மீறிய ஒரு சக்தியும் வேலை செய்கிறது என்கிறார் பவுல்: இப்பிரபஞ்சத்தின் தேவனானவன், அதாவது சாத்தான், அவிசுவாசிகளின் மனதைக் குருடாக்கினான் என்று 2 கொரிந்தியர் 4 சொல்கிறது. இந்த வசனத்தை மட்டும் பிடித்துக்கொண்டு நம் பங்கை மறந்துவிடக் கூடாது. ஆசை, வெறுப்பு, தன்னிறைவு என்று நாமே திறந்துவைக்கும் கதவுகள் வழியாகத்தான் அந்த வேலையும் நடக்கிறது என்பது என் புரிதல்.

இதுவரை பார்த்தது: குருட்டாட்டம் அறிவுக் குறைபாடு அல்ல. எனக்கு எல்லாம் தெரிகிறது என்ற நிம்மதிதான் அதன் அடையாளம். ஆசையும் வெறுப்பும் பெருமையும் அதை வளர்க்கின்றன. விசுவாசிகளுக்கும் அது வரும்.

## சந்தேகம் வேறு ரகம்

மாற்கு 9இல் ஒரு தகப்பன். மகனுக்குச் சிறுவயது முதலே வலிப்பு. தீயிலும் தண்ணீரிலும் விழுகிறான். சீஷர்களிடம் கொண்டுவந்தும் பலனில்லை. நம்பிக்கை பாதி போன நிலையில் இயேசுவிடம், உம்மால் ஏதாவது கூடுமானால் உதவும் என்கிறார். விசுவாசத்தைப் பற்றி இயேசு சொன்னதும் கண்ணீரோடு அவர் சத்தமிட்டது: "விசுவாசிக்கிறேன் ஆண்டவரே, என் அவிசுவாசம் நீங்கும்படி உதவிசெய்யும்." இந்த அரைகுறை ஜெபத்தைக் கேட்டு இயேசு, முழு விசுவாசத்தோடு நாளைக்கு வா என்று சொல்லவில்லை. பையன் அன்றே குணமானான்.

சந்தேகம் என்பது இதுதான்: நம்பவும் முடியாமல் விடவும் முடியாமல் மனம் ஊசலாடுவது. அவிசுவாசம் என்பது, நம்ப மாட்டேன் என்று மனம் முடிவுகட்டி முகத்தைத் திருப்பிக்கொள்வது. அந்தத் தகப்பன் தன்னிடம் இருப்பதை அவிசுவாசம் என்றே சொன்னார் என்பது உண்மை. ஆனால் அதைத் தூக்கிக்கொண்டு அவர் இயேசுவிடம்தான் வந்தார். மனதுக்குள் எத்தனை சதவீதம் நிச்சயம் இருக்கிறது என்பதைவிட, முகம் எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்பதுதான் இரண்டையும் பிரிக்கிறது.

இங்கே ஒருவர் எபிரெயர் 11ஐக் காட்டலாம்: விசுவாசம் காணப்படாதவைகளின் நிச்சயம் என்றல்லவா எழுதியிருக்கிறது? எழுதியிருக்கிறது. அதே அதிகாரம் விசுவாசிகள் என்று யார் யாரைப் பட்டியலிடுகிறது என்பதையும் பார்த்துவிடுவோம். பிள்ளை பிறக்கும் என்று கேட்டுச் சிரித்த சாராள் அதில் இருக்கிறார். தேவன் சொன்னது நடக்குமா என்று ஆட்டுத்தோலைப் போட்டு ஒரு முறை சோதித்தது போதாமல் அடுத்த நாளும் சோதித்த கிதியோன் இருக்கிறார். போகும் இடம் இன்னதென்று தெரியாமலே புறப்பட்டார் என்று ஆபிரகாமைப் பற்றி எழுதியிருக்கிறது. விசுவாசம் என்பது தேவன்மேல் பாரத்தை வைத்து அடியெடுத்து வைப்பது. கால் நடுங்கினாலும் அது விசுவாசம்தான்.

சந்தேகப்படுகிறவன் கடலின் அலைக்கு ஒப்பானவன் என்று யாக்கோபு 1இல் வரும் வசனம் சந்தேகப்படுபவர்களை நிறையவே பயமுறுத்தியிருக்கிறது. அங்கே யாக்கோபு கண்டிப்பது இருமனமுள்ளவனை: தேவனிடமும் கேட்டு, வேறொரு வழியையும் கைவசம் வைத்திருப்பவனை. "நீங்கும்படி உதவிசெய்யும்" என்று அழும் தகப்பனை அவனோடு சேர்க்க எனக்கு மனம் வரவில்லை. போதாததற்கு, அதற்கு முந்தைய வசனம், ஞானத்தில் குறைவுள்ளவன் கேட்டால் தேவன் கடிந்துகொள்ளாமல் கொடுப்பார் என்றுதான் தொடங்குகிறது.

## தோமாவுக்கு ஒரு நியாயம்

சந்தேகம் என்றதும் எல்லாரும் கைநீட்டுவது தோமாவை நோக்கி. கொஞ்சம் அநியாயம்தான். உயிர்த்தெழுந்த செய்தியைப் பெண்கள் கொண்டுவந்தபோது, மற்ற அப்போஸ்தலர்களே அதை வீண்பேச்சாக எண்ணினார்கள் என்கிறார் லூக்கா. இயேசு அவர்களிடம் வந்து தம் கைகளையும் விலாவையும் காண்பித்த அன்று தோமா அங்கே இல்லை. அவர்களுக்குக் கிடைத்ததைத்தான் அவரும் கேட்டார், காயங்களில் விரலை இட்டுப் பார்க்காமல் நம்ப மாட்டேன் என்று கொஞ்சம் காட்டமாக.

அதன்பின் நடந்ததுதான் நமக்கு முக்கியம். எட்டு நாள் கழிகிறது. அந்த எட்டு நாளும் மற்றவர்கள் சந்தோஷத்தில் இருக்க, ஒருவர் மட்டும் நம்பாமல் இருந்திருக்கிறார். அவரை அவர்கள் துரத்தவில்லை. அவரும் கோபித்துக்கொண்டு போய்விடவில்லை. எட்டாம் நாள் அதே வீட்டில் அவர்களோடு இருக்கிறார். கதவுகள் பூட்டியிருக்க இயேசு வருகிறார், நேராகத் தோமாவிடம் போகிறார், அவர் கேட்ட அதே வார்த்தைகளைச் சொல்லி, விரலை இங்கே நீட்டு என்கிறார். தோமா தொட்டாரா இல்லையா என்று யோவான் எழுதவில்லை. "என் ஆண்டவரே! என் தேவனே!" என்று அவர் சொன்னதை மட்டும் எழுதியிருக்கிறார். அந்தச் சுவிசேஷத்தில் இயேசுவைப் பற்றி ஒரு சீஷன் சொன்னதிலேயே உச்சமான அறிக்கை, சந்தேகப்பட்டவர் வாயிலிருந்துதான் வருகிறது. காணாதிருந்தும் விசுவாசிக்கிறவர்கள் பாக்கியவான்கள் என்று இயேசு சொன்னதும் உண்டு. அதைத் தோமாவுக்குக் கொடுத்த அடியாகப் படிப்பதைவிட, பின்னால் வரப்போகும் நமக்குச் சொன்ன வாழ்த்தாகப் படிப்பது பொருத்தம்.

## சந்தேகம் எங்கிருந்து வருகிறது?

சில சந்தேகங்கள் கேள்விகளே. சுவிசேஷங்களை எப்போது எழுதினார்கள், நம்பலாமா, துன்பம் ஏன் இருக்கிறது என்பவை போல. இவற்றுக்குத் தேவை படிப்பும், பொறுமையாகப் பதில் சொல்லத் தெரிந்த ஓர் ஆளும். "ஜெபி, சரியாகிவிடும்" என்று இவற்றைத் தள்ளிவிடுவது சோம்பேறித்தனம். வரலாற்றுக் கேள்விக்கு வரலாற்றுப் பதில் உண்டு.

பல சந்தேகங்கள் கேள்வி வேடம் போட்டு வரும் காயங்கள். யோவான் ஸ்நானன் இதற்கு நல்ல உதாரணம். இயேசுவை ஊருக்குச் சுட்டிக்காட்டியவரே அவர்தான். சிறையில் கிடக்கும்போது ஆள் அனுப்பிக் கேட்கிறார்: "வருகிறவர் நீர்தானா, அல்லது வேறொருவர் வரக் காத்திருக்கவேண்டுமா?" எதிர்பார்த்தது ஒன்று, நடந்தது ஒன்று. இயேசு கோபப்படவில்லை. பார்வையற்றோர் காண்கிறார்கள், முடவர் நடக்கிறார்கள், போய்ச் சொல்லுங்கள் என்று, யோவானுக்குப் பழக்கமான ஏசாயாவின் மொழியிலேயே பதில் அனுப்புகிறார். தூதர்கள் போனபின் கூட்டத்தைப் பார்த்து, ஸ்திரீகளிடத்தில் பிறந்தவர்களில் யோவானைவிடப் பெரியவன் இல்லை என்கிறார். சந்தேகக் கேள்வி வந்து சேர்ந்த அதே நாளில் கிடைத்த பாராட்டு இது.

இன்னும் சில சந்தேகங்களுக்குக் காரணம் வெறும் களைப்பு. தீர்க்கதரிசி எலியா கர்மேல் மலையில் பெரிய வெற்றி கண்டவர். அடுத்த அதிகாரத்திலேயே சூரைச்செடியின் கீழ் படுத்து, போதும், என் ஆத்துமாவை எடுத்துக்கொள்ளும் என்கிறார். தேவதூதன் வந்து பிரசங்கம் செய்யவில்லை. அடையும் தண்ணீரும் வைத்து, எழுந்து சாப்பிடு என்று தட்டியெழுப்புகிறான். அவர் சாப்பிட்டு மறுபடி தூங்குகிறார். இரண்டாவது தடவையும் சாப்பாடுதான் வருகிறது. தேவனோடு பேச்சு நடப்பதெல்லாம் அதற்கு வெகுநாள் கழித்து, ஓரேப் மலையில். தூக்கமில்லாத, சாப்பாடு இறங்காத, சாவு நினைப்பு வருகிற நாட்களில் முதலில் மருத்துவரைப் பார்ப்பது விசுவாசக் குறைவல்ல என்பதற்கு இதைவிடப் பழைய ஆதாரம் வேண்டுமா?

காரணமே பிடிபடாத நீண்ட இருட்டும் உண்டு. சங்கீதம் 88 வேதாகமத்திலேயே விடியாமல் முடியும் ஜெபம். ஆறுதல் வரி ஒன்றுகூட இல்லாமல் இருளில் முடிகிறது. அதையும் ஜெபப் புத்தகத்தில் சேர்த்து வைத்திருக்கிறார்கள் என்பதே பெரிய விஷயம். அன்னை தெரசா 1997இல் மறைந்தார். அவருடைய தனிப்பட்ட கடிதங்கள் 2007இல் வெளிவந்தபோது, பல பத்தாண்டுகள் தேவனுடைய பிரசன்னத்தை உணராமலே அவர் ஜெபித்தும் உழைத்தும் வந்தது வெளியே தெரிந்து பலர் அதிர்ந்தார்கள். உணர்வு போனாலும் அவர் தினசரி வேலையை விடவில்லை. 2016இல் கத்தோலிக்கத் திருச்சபை அவரைப் புனிதராக அறிவித்தது.

சுருக்கமாக: சந்தேகம் பாவப் பட்டியலில் முதலில் வைக்க வேண்டிய ஒன்றல்ல. அறிவின் கேள்வி, மனதின் காயம், உடலின் சோர்வு, காரணம் தெரியாத இருட்டு என்று அது பல இடங்களிலிருந்து வரும். எங்கிருந்து வருகிறது என்று பார்த்துத்தான் பதில் சொல்ல வேண்டும்.

## பார்வை எப்படித் திரும்புகிறது?

முதலில் குருட்டாட்டம். தன் குருட்டுப்புள்ளியைத் தானே பார்க்க முடியாது என்பதால், மறு கண் ஒன்று வேண்டும். தாவீதுக்கு அந்தக் கண்ணாக இருந்தவர் தீர்க்கதரிசி நாத்தான். உரியாவின் மனைவியை எடுத்துக்கொண்டு, உரியாவையும் போர்முனையில் சாகவைத்தபின், குழந்தை பிறக்கும் வரை மாதக்கணக்கில் தாவீது ராஜா நிம்மதியாகவே இருந்ததுபோல் தெரிகிறது. நாத்தான் வந்து நேராகக் குற்றம் சாட்டவில்லை. ஏழை ஒருவனின் ஒரே ஆட்டுக்குட்டியை ஐசுவரியவான் பிடுங்கிக்கொண்ட கதையைச் சொல்கிறார். தாவீதுக்குக் கோபம் பொங்குகிறது, அவன் சாக வேண்டும், நாலத்தனை திருப்பிக் கொடுக்க வேண்டும் என்று தீர்ப்பே சொல்லிவிடுகிறார். அடுத்தவன் விஷயத்தில் ராஜாவின் பார்வை எவ்வளவு கூர்மை! அந்தக் கூர்மையை அப்படியே திருப்பிவிடுகிறார் நாத்தான்: "நீயே அந்த மனுஷன்." நம்மைக் கேள்வி கேட்கத் துணிந்த ஒரு நண்பராவது பக்கத்தில் இல்லையென்றால் நாம் ஆபத்தில் இருக்கிறோம்.

இரண்டாவது, கேட்பது. எரிகோ வழியோரத்தில் பார்வையில்லாத பர்திமேயுவிடம் இயேசு கேட்கிறார்: உனக்கு என்ன செய்ய வேண்டும்? பார்வை வேண்டும் என்கிறார் அவர். இதே கேள்வியைச் சற்று முன்னால் தம் சீஷர்களான யாக்கோபிடமும் யோவானிடமும் இயேசு கேட்டிருந்தார். அவர்கள் கேட்டது வலதுபுறமும் இடதுபுறமும் இரண்டு நாற்காலி. மாற்கு இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துவிட்டு ஒரு வார்த்தையும் பேசாமல் நகர்ந்துவிடுகிறார். ஆவிக்குரிய பார்வையை மனிதன் உழைத்துச் சம்பாதிப்பதில்லை, தேவன் தருகிறார் என்பதுதான் கிறிஸ்தவ உபதேசம். இருளிலிருந்து வெளிச்சத்தைப் பிரகாசிக்கச் சொன்ன தேவனே இருதயங்களிலும் பிரகாசித்தார் என்று பவுல் எழுதுகிறார். ஆனால் தனக்குப் பார்வை இல்லை என்று தெரிந்தவர்தான் கேட்பார்.

மூன்றாவது, தெரிந்த அளவுக்குக் கீழ்ப்படிவது. யோவான் 9இன் மனிதர் சீலோவாமுக்கு நடந்து போனபோது அவருக்கு இன்னும் பார்வை வரவில்லை. கண்ணில் சேறோடுதான் போனார். தேவனுடைய சித்தத்தைச் செய்ய மனதுள்ளவன் உபதேசம் தேவனிடமிருந்து வந்ததா என்பதை அறிந்துகொள்வான் என்று இயேசு சொன்னதும் இதே சுவிசேஷத்தில்தான். எல்லாம் தெளிவானபின் நடப்பேன் என்று காத்திருப்பவருக்குத் தெளிவு வர நாளாகும்.

## அரைப் பார்வைக் காலம்

பெத்சாயிதாவில் இயேசு ஒருவரின் கண்களைத் தொட்டு, ஏதாவது தெரிகிறதா என்று கேட்கிறார். நடக்கிற மனுஷரை மரங்களைப்போலக் காண்கிறேன் என்கிறார் அவர். இயேசு இரண்டாம் முறை தொட்டபின்தான் எல்லாம் தெளிவாகிறது. இரண்டு கட்டமாக நடந்த குணமாக்குதல் சுவிசேஷங்களில் இது ஒன்றுதான், மாற்கு இதை வைத்த இடமும் தற்செயல் அல்ல. இதற்குச் சற்று முன் இயேசு சீஷர்களிடம், கண்களிருந்தும் காணாதிருக்கிறீர்களா என்று கேட்டிருந்தார். இதற்கு அடுத்து பேதுரு, நீர் கிறிஸ்து என்கிறார். அந்த மூச்சு அடங்குமுன்னே பாடுபடப் போவதாகச் சொன்ன இயேசுவைக் கடிந்துகொண்டு, அப்பாலே போ என்று வாங்கிக் கட்டிக்கொள்கிறார். பேதுருவுக்கும் மனுஷர் மரங்களாகத் தெரிந்த நேரம் அது.

ஜான் நியூட்டனின் வாழ்க்கை இதற்கு இன்னும் கசப்பான உதாரணம். 1748இல் கடும்புயலில் சிக்கிய கப்பலில் தேவனை நோக்கிக் கூப்பிட்டார். அதைத் தன் மனமாற்றத்தின் தொடக்கமாகக் கடைசிவரை நினைத்தார். அதன்பின்னும் அடிமைகளை ஏற்றிப்போகும் கப்பல்களுக்குக் கேப்டனாக இருந்தார். 1754இல் கடல் வேலையை விட்டதும் உடல்நலக் குறைவால்தான், மனச்சாட்சியால் அல்ல. பிறகு போதகரானார், குருடனாயிருந்தேன், இப்போது காண்கிறேன் என்ற யோவான் 9இன் வரி வரும் 'அமேசிங் கிரேஸ்' என்ற அந்தப் புகழ்பெற்ற கிருபைப் பாடலையும் எழுதினார். அடிமை வியாபாரத்தில் தன் பங்கை வெட்கத்தோடு ஒப்புக்கொண்டு அதற்கு எதிராக அவர் பிரசுரம் வெளியிட்டது 1788இல். புயலுக்கும் பிரசுரத்துக்கும் நடுவே 40 வருடம். அந்தப் பாடலை எழுதியபோதும் அவர் பார்வையில் பெரிய ஓட்டை இருந்தது. மனந்திரும்பிய நாளிலேயே எல்லாம் தெரிந்துவிடும் என்று நினைப்பவர்கள் இந்த 40 வருடத்தைக் கணக்கில் வைத்துக்கொள்வது நல்லது.

## சந்தேகத்தோடு இருப்பவர் என்ன செய்யலாம்?

கேள்வியை ஒரு காகிதத்தில் முழு வாக்கியமாக எழுதிப் பாருங்கள். பாதிச் சந்தேகங்கள் உருவம் இல்லாததால்தான் பூதமாகத் தெரிகின்றன. எழுதியதும் அது கேள்வியா, காயமா, களைப்பா என்பது ஓரளவு பிடிபடும். சொன்னதை வெளியே சொல்லாத, உடனே புத்தி சொல்லாத ஒருவரிடம் அதைப் பேசுங்கள். ஜெபிக்க வார்த்தை வரவில்லையென்றால் சங்கீதம் 13 அல்லது 88ஐ இரவல் வாங்கிக்கொள்ளலாம். எதுவரைக்கும் கர்த்தாவே என்று தேவனிடமே முறையிடும் இவ்வகைப் பாடல்களைப் புலம்பல் சங்கீதங்கள் என்பார்கள். தோமாவைப்போல, நம்ப முடியாத வாரத்திலும் ஐக்கியத்தை விடாமல் இருங்கள்.

கேள்விக்குப் பதில் சொல்லும் இடத்தில் இருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. அம்மாவை இழந்தவரின் கேள்விக்கு அந்த நிமிடமே பதில் சொல்லித்தான் ஆக வேண்டும் என்று யாரும் உங்களைக் கட்டாயப்படுத்தவில்லை. "எனக்கும் தெரியவில்லை, வாருங்கள், கொஞ்சம் உட்கார்ந்து பேசுவோம்" என்றாலே போதும். கண் திறக்கவில்லை என்ற பட்டத்தை எடுத்து நீட்டத் தோன்றினால், வேதாகமத்தில் அந்தப் பட்டம் பெரும்பாலும் யாருக்குக் கிடைத்தது என்பதை ஒரு முறை நினைத்துக்கொள்ளுங்கள்.

எங்கே தொடங்குவது என்று கேட்பவர்களுக்கு: யோவான் 9 மொத்தமே 41 வசனங்கள், ஒரே மூச்சில் படித்துவிடலாம். அப்புறம் மாற்கு 8:22 முதல் 10:52 வரை. பெத்சாயிதாவின் மனிதரில் தொடங்கி பர்திமேயுவில் முடியும் பகுதி அது. நடுவில் இயேசு தம் மரணத்தைப் பற்றி மூன்று முறை சொல்கிறார், மூன்று முறையும் சீஷர்களுக்கு விளங்கவில்லை. படிக்கும்போது அவர்களில் யாருடைய இடத்தில் நீங்கள் நிற்கிறீர்கள் என்று ஓரத்தில் பென்சிலால் குறித்துக்கொண்டே போங்கள்.